முனவ்வறா டீச்சரின் எட்டு சீ

முனவ்வறாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசித்துப் போட்டு, சுபைறா டீச்சர் எவ்வளவு நல்ல மனுஷி என்று ஒருவரும் என்னைப் புகழ வேண்டாம். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆளைப் பற்றி நாலு வரி எழுத வேண்டுமென்றால் அந்த ஆள் ஹாஜியாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மௌத்தாகி மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். முனவ்வறா இரண்டுமில்லை. கல்முனைக்குத் தெற்கே கடற்கரை ஓரத்திலிருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பட்டம் பெற்ற ஆசிரியைக்கு இரண்டாம் வகுப்பு! இந்த நிலைக்கு அவளைக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருத்தி.

அவள் பட்டத்தை வீட்டிலிருந்தே படித்து எடுத்தாள். பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் சமையல், இடையில் இரண்டு பிள்ளைப்பேறு. கணவர் றஊப் வயல் செய்கிறவர், அதிகம் பேசாத மனுஷன். எண்பத்திரண்டாம் ஆண்டு தை மாதம், வேலை செய்யும் ஆசிரியர்களுக்கென்று பல்கலைக்கழகமொன்று மட்டக்களப்பில் நடத்திய பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு முனவ்வறா சேர்ந்தாள். கலைத்திட்டமும் கற்பித்தலும் அவள் எடுத்த விசேட பாடம். சனி, ஞாயிறு விடியச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் றஊப் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் பஸ்ஸில் விடுவார். ஊர் சும்மா இருக்குமா? பொம்புளய மட்டக்களப்புக்கு அனுப்பிப்போட்டு மாப்பிள சோறாக்குறாராம் என்று சிரித்தது. ஓம், அவர் சோறாக்கத்தான் செய்தார். நல்லாகவும் ஆக்குவார், நான் சாப்பிட்டிருக்கிறேன்.

இந்தப் படிப்பில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. முழுநேர வகுப்புகளை ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று கிழமைக்கு வைப்பார்கள். நாட்டிலுள்ள மற்றப் பள்ளிக்கூடங்களுக்கு அப்போது விடுமுறை. எங்கள் முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கோ நோன்பு மாதத்தில்தான் நீண்ட விடுமுறை. அந்த வருஷம் நோன்பு ஜூலையிலேயே முடிந்துவிட்டது. ஓகஸ்டில் எங்களுக்குப் பாடம் மும்முரமாக நடக்கும். மூன்று கிழமை லீவு வேண்டுமென்றால் அதிபரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லையா, வரவு போதாது. வரவு போதாவிட்டால் டிப்ளோமா இல்லை. அட்டவணை போட்ட பெரிய மனுஷர்களுக்கு இப்படி ஒரு சனம் இந்த நாட்டில் இருக்கிறது என்பதே ஞாபகம் வந்திருக்காது. முனவ்வறா எப்படியோ அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய் வந்தாள்.

அதிபர் மீராசா சேர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய துன்பம். கெட்டவராக இருந்தால் திட்டிப்போட்டுப் போய்விடலாம். அவர் பள்ளிக்கூடத்தை உயிராக நினைத்தவர். சுவருக்குத் தன் கையாலேயே சுண்ணாம்பு அடிப்பார். ஆனால் யாராவது வெளியாள் வருகிறார் என்றால் அந்த மனுஷனுக்குக் கைகால் ஓடாது. வட்டாரக் கல்வி அதிகாரி வருகிற நாளில் ‘சீ’ பிரிவுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புல்லுப் பிடுங்க அனுப்பிவிட்டு, ‘ஏ’ பிரிவுப் பிள்ளைகளை அவர்களின் வாங்கில் உட்காரவைப்பார். “வீட்டுக்கு ஆள் வந்தா நல்ல பாயத்தானே விரிக்கிற” என்பார். நாங்களும் சிரித்துக்கொண்டு விரித்தோம். எத்தனை வருஷம் விரித்தோம் என்று எனக்கே கணக்கில்லை.

‘சீ’ பிரிவு என்றால் கரைவலை இழுக்கிற வீட்டுப் பிள்ளைகளும், கூலி வேலைக்காரரின் பிள்ளைகளும்தான். எட்டு சீயில் இருபத்தாறு பேர். அவர்களுக்குக் கணிதம் முனவ்வறா. எட்டு ஏக்கு நான், பகுதித் தலைவியும் நான்தான். அந்த வருஷக் கடைசியில் எட்டு சீயை ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்றுவதில்லை என்று மீராசா சேர் தீர்மானித்திருந்தார். ஒன்பதுக்கு ஏற்றினால் பத்துக்கும் வருவார்கள், சாதாரண தரப் பரீட்சை எழுதுவார்கள், பெயில் விடுவார்கள், பள்ளிக்கூடத்தின் பெறுபேறு விழுந்துபோகும். இதுதான் அவருடைய கணக்கு. இருபத்தாறு பேரையும் எட்டிலேயே விட்டால் பாதிப் பேர் தாமாகவே நின்றுவிடுவார்கள்.

முனவ்வறா அவருடைய அறைக்குப் போய் ஒரு மணித்தியாலம் வாதாடினாள். கடைசியில் அவர் சொன்னதை நான் வெளியில் நின்று கேட்டேன்.

“சரி மகள். உங்கட படிப்புக்கு ஒரு விரிவுரையாளர் வந்து உங்கட வகுப்பப் பாப்பார்தானே? அவர் பாத்திட்டு, இந்தப் புள்ளகள் படிக்கக்கூடியதுகள் எண்டு எழுத்துல தரட்டும். நான் இருவத்தாறு பேரையும் ஒம்பதுக்கு ஏத்துறன். வாக்கு.”

அன்றிலிருந்து அவளுக்கு டிப்ளோமா பெரிதில்லை. அந்த ஒரு நாள்தான் பெரிது.

பன்னிரண்டு கிழமைக்கு ஒரு பாடத்திட்டத்தை அவளே எழுதினாள். விகிதம், பின்னம், சதவீதம். புத்தகத்தில் விகிதப் பாடம் மூன்று வியாபாரிகள் முதல் போட்டுக் கடை தொடங்குவதில் ஆரம்பிக்கும். முனவ்வறா அதைத் தூக்கி வைத்துவிட்டுக் கரைவலைப் பங்கிலிருந்து தொடங்கினாள். பாடத்துக்குப் பாடம் பிள்ளைகள் வாய்திறந்து சொன்னதையெல்லாம் பெயரோடு ஒரு கொப்பியில் எழுதினாள். அதுதான் அவளுடைய ஆய்வு. ஒரு நாள் இடைவேளையில் அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். அப்போது நான் அவளுக்கு றாத்தா, மூத்த அக்கா மாதிரி.

“றாத்தா, இதக் கேளுங்க. ஆசியா உம்மாக்கு விகிதம் தலையில ஏறாதெண்டுதானே எல்லாரும் சொல்ற? வலைக்குப் பாதி, மிச்சத்துல தோணிக்காரனுக்கு ஒண்டரப் பங்கு, கயிறு இழுத்தவனுக்கு ஒரு பங்கு எண்டு போட்டுக் காட்டின நான். அவள் எழும்பி, ‘டீச்சர், கணக்குப் புழை’ எண்டாள்!”

“ஏனாம்?”

“பங்கு பிரிக்கிறத்துக்கு முதல் எல்லாருக்கும் வீட்டுக் கறிக்கெண்டு கறிமீன் எடுத்து வெக்கோணுமாம். கறிமீன் போக மிஞ்சினதத்தான் பங்கு போடுறதாம். ‘முழு மீனையும் பங்கு போட்டீங்களெண்டாக் கடக்கரையில வெட்டுக்குத்துத்தான் டீச்சர்’ எண்டாள். என்ட அல்லாஹ்வே! முதல்ல கழி, பிறகு பிரி. இதப் படிப்பிக்க நான் நாலு வருஷமாத் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தின.”

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. மறைப்பானேன்? வந்தது. பதினைந்து வருஷம் படிப்பித்த எனக்கு ஒரு பிள்ளையும் எழும்பி நின்று கணக்குப் பிழை என்று சொன்னதில்லை. அந்தப் பொறாமையிலோ என்னவோ, நானும் அடுத்த வருஷத்துக்கு அதே டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தில் அதிபரின் சிபாரிசு வேண்டும், அதோடு ஓகஸ்ட் லீவுக்கான சம்மதக் கடிதமும் வேண்டும். படிவம் மீராசா சேரின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. “பாப்பம் டீச்சர், பாப்பம்” என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை விரிவுரையாளர் நல்லரெத்தினம் வருவதாகக் கடிதம் வந்தது. முனவ்வறாவின் கொப்பிகளை அவர் ஏற்கெனவே வாங்கி வாசித்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மீராசா சேர் என்னைக் கூப்பிட்டார். கையில் எட்டு சீயின் வரவு இடாப்பு.

“டீச்சர், உங்கட ஏ வகுப்புல இருவத்தாறு பேரத் தெரிஞ்சி எட்டு சீயில உக்காரவையுங்க. வாறவர்ர கையில புள்ளகள்ர பேரெல்லாம் இரிக்காம். அதால ஆளுக்கொரு பேரக் குடுத்திடுங்க. பேர் கூப்பிட்டா எழும்போணும்.”

“சேர், முனவ்வறாக்குத் தெரியுமா?”

“அந்தப் புள்ள சின்னப் புள்ள. தெரிஞ்சாப் பதறும். அவளுக்காகத்தான் செய்யிறன். நல்ல றிப்போட் வந்தா, குடுத்த வாக்குப்படி அந்த இருவத்தாறயும் ஏத்தத்தானே போறன்? எல்லாருக்கும் நல்லம்.” பிறகு லாச்சியை இழுத்து, என் படிவம் தெரியும்படி திறந்து வைத்துவிட்டு, “உங்கட அலுவலும் இந்தக் கிழமைக்குள்ள முடிப்பம்” என்றார்.

நான் இடாப்பை வாங்கினேன். கடதாசியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி இருபத்தாறு பெயரையும் எழுதினேன். என் எழுத்து நல்ல வடிவு, எல்லாரும் சொல்லுவார்கள். என் வகுப்பில் கெட்டிக்காரி பரீனா. பெரிய கடை வைத்திருந்தவரின் மகள். அவள் கையில் ஆசியா உம்மாவின் பெயரைக் கொடுத்தேன்.

“ஐயே, எனக்கு அவள்ர பேரா? அவளில மீன் மணக்கும் டீச்சர்!”

“வாயப் பொத்திக்கிட்டுப் போய் உக்காரு.”

எட்டு சீயை நானே வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். தலை வாரி, சட்டை தோய்த்துப் போட்டு வந்திருந்தார்கள். சிலர் வேறு யாரிடமோ சப்பாத்து இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு எங்களைப் பார்க்கத்தான் ஐயா வருகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். “ஏன் டீச்சர்?” என்று ஆசியா உம்மா கேட்டாள். “புல்லுப் புடுங்கு” என்றேன்.

முனவ்வறா அதுவரை காரியாலயத்தில் விருந்தாளியோடு இருந்தாள். அவருடன் வகுப்புக்குள் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முதலில் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு கடைசி வாங்கில் அதிபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் என் நகத்தைப் பார்த்தேன். நல்லரெத்தினம் சேர் உட்கார்ந்து பேனையைத் திறந்துவிட்டார். அவள் என்ன செய்வாள் பாவம்? வெண்கட்டியை எடுத்தாள். பாடத்தைத் தொடங்கினாள்.

என் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கை உயர்த்தினார்கள். கேள்வி முடியமுதல் விடை வந்தது. மீராசா சேருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மடியில் விரலால் தாளம் போட்டார். ஆனால் நல்லரெத்தினம் சேரின் முகம் வரவரச் சுருங்கியது. கொப்பியைப் புரட்டினார், பிள்ளைகளைப் பார்த்தார், திரும்பவும் புரட்டினார். இருபது நிமிஷத்துக்குப் பிறகு எழும்பினார்.

“டீச்சர், நான் ஒரு பிள்ளையோட கொஞ்சம் கதைக்கலாமா? இந்தக் கொப்பியில நான் ரெண்டுதரம் கோடிட்டு வச்சிருக்கிற பிள்ளை. ஆசியா உம்மா!”

பரீனா எழும்பினாள். அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே, புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது.

“வந்தன் சேர்!”

பேர் கூப்பிட்டால் பிள்ளை பதில் சொல்லாதா? எட்டு வருஷம் நாங்கள் பழக்கிய பழக்கம். மண் ஒட்டிய கையை உயர்த்திக்கொண்டு அவள் நின்றதை நான் ஜன்னலால் கண்டேன். நல்லரெத்தினம் சேரும் கண்டார். உள்ளே நின்றவளையும் வெளியே நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மீராசா சேர் சிரித்துக்கொண்டு எழும்பினார். “எங்கட ஊர்ல ஒரே பேருல நாலு பேர் இரிப்பாங்க சேர். அது வேற வகுப்புப் புள்ள. நீங்க கேளுங்க.”

நல்லரெத்தினம் சேர் பரீனாவின் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க பிள்ளை, வலையில மீன் வந்தா, பங்கு பிரிக்கிறதுக்கு முதல் என்ன செய்யோணும்?”

பரீனா யோசித்தாள். கெட்டிக்காரியல்லவா, விடை இல்லாமல் நிற்பாளா? “விகிதங்களைக் கூட்ட வேண்டும் சேர்” என்றாள். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். வலையில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய அவர்கள் என்ன கடற்கரைக்கா போகிறவர்கள்?

“சேர், இது என்ட புள்ளகள் இல்ல.” முனவ்வறா வெண்கட்டியைக் கீழே வைத்தாள். “என்ட வகுப்பு வெளியில நிக்கிது. அதுகளக் கூப்பிடுங்க. நான் இப்ப, உங்களுக்கு முன்னால, படிப்பிச்சுக் காட்டுறன்.”

மீராசா சேர், “டீச்சருக்குப் பதட்டம். சுகமில்லாத ஆள்” என்றார். கூசாமல் சொன்னார். நல்லரெத்தினம் சேர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீங்கதானே பகுதித் தலைவி? நீங்க சொல்லுங்க டீச்சர். இது எட்டு சீயா?”

முனவ்வறா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. றாத்தா சொல்லிவிடுவாள் என்று நின்றாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

“ஓம் சேர்” என்றேன். “இதுதான் எட்டு சீ.”

நல்லரெத்தினம் சேர் பேனையை மூடினார். “ஒரு பாடசாலைக்குள்ள உள்ள பிரச்சினையை வெளியால வந்த நான் தீர்க்க ஏலாது. நான் கண்டதைத்தான் எழுத ஏலும்” என்றார். தேத்தண்ணியும் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

அவர் எழுதினது ஒரு மாதத்தில் வந்தது. வகுப்பறையில் கண்டவையும் கொப்பியில் உள்ளவையும் பொருந்தவில்லை, முன்வைத்த தரவுகளை நம்ப முடியாது, ஆய்வு ஏற்கப்படவில்லை. எழுத்தில் இல்லையென்று ஆனதும் மீராசா சேர் வாக்கையும் விட்டுவிட்டார். “நான் என்ன செய்ய மகள்? நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா எல்லாம் சரியா முடிஞ்சிரிக்கும்” என்று அவளையே குற்றம் சொன்னார். இருபத்தாறு பேரில் பதினொரு பேர்தான் தை மாதம் திரும்பி வந்தார்கள். ஆசியா உம்மா வரவில்லை. என் படிவத்தில் அந்தக் கிழமையே கையெழுத்து விழுந்தது.

நான் படித்தேன். ஓகஸ்டில் மூன்று கிழமை லீவோடு சொகுசாகப் போய் வந்தேன். பாடநூல்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு எழுதினேன். ஒரு பிள்ளையையும் கேட்க வேண்டிய தேவை வரவில்லை. விசேட சித்தி தந்தார்கள். முனவ்வறா இரண்டாம் வகுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வேறு இடத்தில் திரும்பவும் ஆய்வு செய்யலாமே என்று றஊப் சொல்லிப் பார்த்தாராம். “ஆருக்குக் காட்ட?” என்றாளாம். என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். ஆசிரியர் அறையில் என் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பாள். ஸலாம் சொன்னால் பதில் சொல்வாள், அது கடமை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மூன்று வருஷம் போனது. மீராசா சேர் ஓய்வுபெற்றார், டிப்ளோமா இருந்ததால் பதில் அதிபராக என்னை உட்காரவைத்தார்கள். எண்பத்தைந்து கார்த்திகையில் ஒரு பகல், முனவ்வறா என் அறைக்கு வந்தாள். பின்னால் ஆசியா உம்மா. வளர்ந்திருந்தாள், பதினேழு வயது இருக்கும்.

“டீச்சர், இந்தப் புள்ளக்கிப் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் வேணும். அரசாங்கத்து நெசவுப் பயிற்சி நிலையத்துல ஆள் எடுக்கிறாங்க. எட்டுப் படிச்சிரிந்தாப் போதுமாம்.”

“இரிங்க முனவ்வறா.”

“இரிக்க வரல்ல.”

நான் பழைய இடாப்பை எடுத்தேன். கடைசியாகச் சித்தியடைந்த வகுப்பு என்ற இடத்தில் ஏழு என்று இருந்தது. “இதுல ஏழெண்டுதானே கிடக்கு” என்றேன்.

“தெரியும். எட்டு எண்டு எழுதுங்க.”

“அது எப்பிடி ஏலும்? பொய்யா எழுதுறதா?”

முனவ்வறா என் மேசைக்குக் கிட்ட வந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, சந்தையில் மீன் விலை கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“அண்டைக்கு ஒரு பொய் சொன்ன நீங்க. அதே ஆள்தானே டீச்சர். இண்டைக்கும் ஒண்டு சொல்லுங்க. அண்டைக்குப் போல இதுக்கு உங்களுக்கு ஒண்டும் கிடைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.”

எனக்கு மேலே யாரும் இருக்கவில்லை. முத்திரை என் லாச்சிக்குள், பேனை என் கைக்குள். ஆனால் அப்போது அதிபர் சேவைக்கு என் பெயர் போயிருந்தது. யாராவது இடாப்பைப் பார்த்துவிட்டால், பெட்டிசம் போட்டுவிட்டால் என்ற பயம். ஏழு என்று எழுதிக் கையெழுத்து வைத்து முத்திரை குத்தினேன். ஆசியா உம்மா அதை வாங்கித் தட்டுத்தடங்கல் இல்லாமல் முழுவதையும் வாசித்தாள். “சரி டீச்சர்” என்றாள். முனவ்வறா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பயிற்சி நிலையத்தில் எடுக்கவில்லை. பங்குனியில் ஆசியா உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போகுமுன் ஒரு மாதம் முனவ்வறா தன் வீட்டில் வைத்து அவளுக்கு இங்கிலீசில் விலாசம் எழுதப் பழக்கினாளாம். போக வயது போதாதென்று பாஸ்போட்டில் இருபத்துமூன்று என்று பொய்யாகப் போட்டிருந்ததாம். அதை எழுதினவனும் எங்கள் ஊரவன்தான், அவன் கை நடுங்கவில்லை. எனக்குத்தான் ஏழு என்ற இடத்தில் எட்டு என்று எழுத நேர்மை விடவில்லை.